பந்தல் போட்ட வீட்டுக்கு நோட்டீஸ்

நோட்டீஸ் ஒட்டுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. மரவள்ளி மாவைச் சுடுநீரில் கரைத்துக் கஞ்சியாக்கி, காலி மைலோ டின்னில் ஊற்றிக்கொள்ள வேண்டும். ஒரு பிரஷ் வேண்டும். ஹோண்டா கப் மோட்டார்சைக்கிளில் போய் வீட்டுக் கதவில் காகிதத்தை ஒட்டிவிட்டு, சாயங்காலம் ஆபீசுக்குத் திரும்பி ரெஜிஸ்டரில் ஒட்டிய தேதியை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. சின்னையா இதை இருபத்தொன்பது வருஷம் செய்தார். ஒரு தடவைகூட காகிதம் கோணலாக ஒட்டியதில்லை.

எந்த ஆபீஸ் என்று கேட்க வேண்டாம். கிள்ளான் பக்கத்தில் கதவுகளுக்குக் காகிதம் அனுப்பும் ஆபீசுகளுக்குக் குறைச்சலே இல்லை. எல்லா ஆபீசிலும் காக்கிச் சட்டை போட்ட ஒரு சின்னையா இருந்தார். எல்லா ஆபீசிலும் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு ராதாகிருஷ்ணனும் இருந்தார். இந்த ஆபீசின் ராதாகிருஷ்ணன் கையில்தான் மலிவு வீட்டுப் பட்டியல் இருந்தது. யாருக்கு வீடு கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று அந்தப் பட்டியல் சொல்லும். பட்டியல் என்ன சொல்ல வேண்டும் என்று அவர் சொல்வார்.

எண்பத்தெட்டாம் வருஷம் மே மாதம் இருபத்தாறாம் தேதி, வியாழக்கிழமை, சின்னையாவின் பையில் ஒரே ஒரு நோட்டீஸ்தான் இருந்தது. மேருவில் புதிதாக வரும் தொழிற்பேட்டைக்குச் சாலையை அகலப்படுத்துகிறார்கள். அந்தப் பாதையில் தனியாக ஒரு பலகை வீடு நின்றது. கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் சீதாலெட்சுமி என்ற விதவையின் வீடு அது. நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் அவள் ஆபீசுக்கு வந்து பதிந்தால், மாற்றாக ஒரு மலிவு வீடு கிடைக்கும். பதியாவிட்டால் வீடும் போகும், மாற்று வீடும் கிடைக்காது. நோட்டீசில் மலாயில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

சின்னையா மோட்டாரை நிறுத்தியபோது வாசலில் பந்தல்கால் நட்டிருந்தார்கள். ஈரம் காயாத மஞ்சள், குங்குமம். கதவுக்கு மேலே மாவிலைத் தோரணம். அவர் மைலோ டின்னைக் கையில் எடுப்பதற்குள் சீதாலெட்சுமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள்.

"வாங்கண்ணே, வாங்க! ஆபீஸ்ல இருந்து வரீங்களா? நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க. இப்பதான் கால் நட்டு முடிச்சோம். மகளுக்கு அடுத்த வாரம் ஞாயித்துக்கிழம கல்யாணம்."

உள்ளே இருந்து ஒரு குவளை இனிப்புச் சிரப் தண்ணீர் வந்தது. தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வந்தது. "உங்க பேரு என்னாண்ணே?" என்று கேட்டு, உறையின் மேல் பேனாவை அழுத்திப் பிடித்து, "திரு. சின்னையா அண்ணன்" என்று எழுதினாள். "கண்டிப்பா வந்துடணும்லா. எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல. மனுஷங்க நாலு பேரு வந்து நின்னாதான் பொண்ணுக்கு மரியாத."

சின்னையாவால் என்ன செய்ய முடியும்? பந்தல்கால் நட்டுவிட்ட வீட்டில் இழவுச் செய்தியைக்கூடச் சொல்ல மாட்டார்கள். சொந்தத் தம்பி செத்தாலும் தாலி கட்டி முடிகிற வரைக்கும் மூடித்தான் வைப்பார்கள். அந்த வீட்டுக் கதவில், மாவிலைத் தோரணத்துக்குக் கீழே, இந்த வீட்டை இடிக்கப் போகிறோம் என்று கஞ்சி தடவி ஒட்ட அவருக்குக் கை வரவில்லை. பத்திரிகையை வாங்கி நோட்டீசுக்கு மேலே வைத்துப் பையை மூடினார். சிரப் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் ரெஜிஸ்டரைத் திறந்தார். வெளியே எடுத்துப் போன காகிதத்துக்கு அன்றைக்கே தேதி போட்டாக வேண்டும். இருபத்தொன்பது வருஷப் பழக்கம். "26" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு பத்து நாள் தள்ளி ஒட்டிவிடலாம், அதற்கப்புறமும் அந்தப் பெண்ணுக்கு நாலு நாள் இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டார். அவர் செய்தது இவ்வளவுதான். இதற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

ஜூன் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மனைவி தங்கமணியையும் அழைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பெயர் எழுதிக் கூப்பிட்டிருக்கிறாளே! சீதாலெட்சுமிக்கு ஒரே பெருமை. "ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் நாலு தடவை சொன்னாள். முதல் பந்தியில் உட்கார வைத்தாள். கிளம்பும்போது தாம்பாளத்தில் வேட்டி துண்டு வைத்து நீட்டினாள். வேண்டாம் என்று அவர் எவ்வளவோ சொன்னார். அவள் விடவில்லை.

திங்கட்கிழமை வீடு நிறைய உறவுக்காரர்கள் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை எந்த வீட்டுக்கும் கெட்ட காகிதம் கொண்டுபோக அவருக்கு மனசு வராது. புதன்கிழமை பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டு விருந்துக்கு வந்திருந்தார்கள். ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை பிற்பகல் நாலு மணிக்குப் போனார். வாசலில் வாடிப்போன வாழைமரம் இன்னும் நின்றது. சீதாலெட்சுமி ஷிப்டுக்குப் போயிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. கோணாமல் ஒட்டிவிட்டுத் திரும்பினார். மிச்சம் வைத்த நாலு நாளும் கரைந்துவிட்டது என்று பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது. பதினான்கு நாள் ரெஜிஸ்டர் தேதியிலிருந்து எண்ணப்படும். இருபத்தாறிலிருந்து எண்ணினால் இன்றைக்கு ஒன்பதாம் தேதிதான் கடைசி. நாலேகாலுக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள்.

மறுநாள் சீதாலெட்சுமி அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆபீசுக்கு வந்து நின்றாள். கவுண்டரில் ராதாகிருஷ்ணன் ரெஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"நேத்தோட முடிஞ்சு போச்சு. என்னால என்ன செய்ய முடியும், சொல்லு?"

"நேத்து சாயங்காலம்தான் சார் ஒட்டினாங்க. காலையில நான் வேலைக்குப் போறப்ப கதவுல ஒன்னும் இல்ல."

"தேதிய பாரு. ஆள் கையெழுத்து போட்டிருக்கான். அரசாங்க ரெஜிஸ்டர் பொய் சொல்லுதுன்னு சொல்றியா?"

பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சின்னையா எழுந்திருக்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்து, தெரிந்த முகத்தைக் கண்ட சந்தோஷத்தில் லேசாகத் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை அவர் சாகிறவரை மறக்கப் போவதில்லை. அவள் போன பிறகு ராதாகிருஷ்ணனின் மேசைக்குப் போய், தணிந்த குரலில் நடந்ததைச் சொன்னார். ராதாகிருஷ்ணன் பேனாவை மூடினார்.

"பந்தலா? நல்லா இருக்குய்யா கத. இத வேற யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காத. உன் வேலைய பாரு."

திங்கட்கிழமை பட்டியலில் காலியான அந்த இடத்தில் ஒரு புதுப் பெயர் ஏறியது. அது ராதாகிருஷ்ணனின் தங்கச்சி பெயர். அதே வாரத்தில் சாவியும் கைமாறியது.

ஜூன் இருபத்தேழாம் தேதி வீட்டை இடிக்க ஆள் வந்தது. சீதாலெட்சுமி கதவைச் சாத்திவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து, கல்யாணத்துக்கு நட்ட பந்தல்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். ஆபீசர் உத்தரவை மூன்று தடவை வாசித்தார். அவள் நகரவில்லை. இழுத்தார்கள். இழுத்தபோது ஒரு ஆபீசரின் கையில் அவள் நகம் பட்டு ரத்தம் வந்தது. போதாதா? அரசாங்க ஊழியரைக் கடமை செய்ய விடாமல் தடுத்தாள் என்று வழக்குப் போட்டார்கள். குற்றம் உறுதியானால் மூன்று மாதம் வரை சிறை, இல்லையென்றால் அபராதம், இல்லையென்றால் இரண்டும். வீட்டை இடித்து முடிக்க இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் ராதாகிருஷ்ணன் சின்னையாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். இருபத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பொம்பள நோட்டீஸ் லேட்டா வந்துச்சுன்னு சொல்லுவா. உன்னக் கேப்பாங்க. இருபத்தாறாம் தேதி ஒட்டினேன்னு சொல்லு. ஒரே வார்த்த. ரெஜிஸ்டர்ல நீ எழுதுனதுதானே?"

"சார், அந்த வீடு..."

"இன்னும் பதினோரு மாசத்துல உனக்கு பென்ஷன். உன் ஃபைல் என் மேச வழியாத்தான் போவணும். யோசிச்சுக்கோலா."

அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸில் அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். தங்கமணி விஷயத்தை முழுசாகக் கேட்டாள். அவள் கெட்டவள் இல்லை. அந்தக் கல்யாணத்தில் மணப்பெண்ணின் தலையில் பூ வைத்து விட்டவள். ஆனாலும் அவள் கேட்டது இதுதான்: "நீங்க உண்மையச் சொன்னா அந்த வீடு எந்திரிச்சு நிக்குமா?"

"நிக்காது."

"அப்புறம்?"

அந்தப் பெண் ஜெயிலுக்குப் போகாமல் இருப்பாள் என்று நினைத்தார். அது ஒன்றாவது நடக்கும் என்று நம்பினார். காலையில் பழைய பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். தங்கமணி சட்டைக் காலரைச் சரிசெய்து விட்டாள்.

கோர்ட்டில் சீதாலெட்சுமிக்கு வக்கீல் இல்லை. கூண்டில் நின்று, ஒன்பதாம் தேதிதான் ஒட்டினார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சின்னையாவைக் கூப்பிட்டார்கள். எந்தத் தேதியில் ஒட்டினாய் என்று அரசுத் தரப்பு இன்ஸ்பெக்டர் சாவகாசமாகக் கேட்டார். பதில் என்னவென்று தனக்கு முன்பே தெரியும் என்று அந்த இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஒன்பதாம் தேதிங்க, சார்."

ராதாகிருஷ்ணன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சின்னையா அந்தப் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கு வாசலில் நடந்ததை, பந்தல்கால், மாவிலை, சிரப் தண்ணீர், பத்திரிகை என்று ஒன்று விடாமல் சொன்னார். கல்யாணத்துக்குப் போனாயா என்று யாரும் கேட்கவில்லை. கதவைத் தட்டினேன், யாரும் இல்லை, திரும்பிவிட்டேன் என்று பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரெஜிஸ்டரில் பொய்த் தேதி எழுதியது தன் தப்பு என்றார். பத்திரிகையை எடுத்து நீட்டினார். மாஜிஸ்திரேட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உறையில் இருந்த பெயரை மொழிபெயர்ப்பாளர் வாசித்துக் காட்டினார். பத்திரிகைக்கு ஒரு நம்பர் போட்டுக் கோர்ட் சான்றாக வைத்துக்கொண்டார்கள்.

சின்னையாவுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. ஐந்தே நிமிஷத்துக்கு.

மாஜிஸ்திரேட் கோபக்காரர் இல்லை. நிதானமாகத்தான் சொன்னார். நோட்டீஸ் எப்போது ஒட்டினார்கள் என்பது இந்த வழக்கில் கேள்வியே இல்லை. ஜூன் இருபத்தேழாம் தேதி ஆபீசர்கள் கையில் முறையான உத்தரவு இருந்தது. அதை நிறைவேற்ற விடாமல் இந்தப் பெண் தடுத்தாள். அவளே ஒப்புக்கொள்கிறாள். நோட்டீஸ் பற்றிக் குறை இருந்தால் வேறு இடத்தில் முறையிட வேண்டும். நானூறு வெள்ளி அபராதம், கட்டத் தவறினால் ஒரு மாதம் சிறை. இந்தச் சாட்சியின் வாக்குமூலத்தை மேல் நடவடிக்கைக்கு அனுப்பி வைக்கவும்.

மொழிபெயர்ப்பாளர் கடைசி வாக்கியத்தைத் தமிழில் சொல்லவில்லை. சின்னையாவுக்கு மலாய் தெரியும்.

அபராதத்தை மாப்பிள்ளை கட்டினான். இனிமேல் மாமியார் அவன் வீட்டில்தான் இருந்தாக வேண்டும். வராந்தாவில் சீதாலெட்சுமி சின்னையாவுக்கு எதிரே வந்து நின்றாள். அவள் கும்பிடுவாள் என்று அவர் நினைத்திருந்தார். ஒளிப்பானேன், எதிர்பார்க்கவும் செய்தார்.

"அன்னைக்கு உங்க பையிலயே இருந்துச்சாண்ணே?"

"ஆமாம்மா. பந்தக்கால் நட்ட வீடு. எப்படி ஒட்றதுன்னு..."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே." அவள் குரல் உயரவில்லை. "மஞ்சக் கையோட வந்து கையெழுத்து போட்டிருப்பேன். கல்யாணத்தயே தள்ளிப் போடுன்னாலும் போட்டிருப்பேன். சகுனமாண்ணே பெருசு? ஆறு வயசுப் பொண்ண வெச்சுக்கிட்டு அந்த வீட்ட ஒத்தக் கையால எழுப்புனவ நான். எனக்குத் தாங்காதுன்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்களா?"

இருபத்தொன்பது வருஷம் சின்னையா ஒட்டிய காகிதங்களில் எதற்கும் இந்த மாதிரி ஒரு கேள்வி வந்ததில்லை. அவர் தன்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டிருந்த இடத்தில் யாரோ கையை விட்டுப் பிடுங்கினாற்போல இருந்தது.

அடுத்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிக் கதவில் ஒரு காகிதம் வந்தது. புதிதாக வேலைக்கு வந்த ஆள் அதைக் கோணலாக ஒட்டியிருந்தான். தட்டுமுட்டுச் சாமான்களோடு பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கமணியின் அக்கா வீட்டு முன்னறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே லஞ்ச ஒழிப்பு இலாகாவிலிருந்து விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையான ஆட்கள். சின்னையா ராதாகிருஷ்ணனின் தங்கச்சிக்குக் கிடைத்த வீட்டைப் பற்றிச் சொன்னார். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள், விசாரித்தார்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை என்று தெரிந்தது. கெடு முடிந்ததால் இடம் காலியானது, அடுத்து விண்ணப்பித்திருந்தவருக்குக் கொடுத்தார்கள், எல்லாம் ரெஜிஸ்டர்படி. அந்த ரெஜிஸ்டரில் தேதி எழுதியவர் சின்னையா. பதவியைத் தவறாகப் பயன்படுத்திய அரசாங்க ஊழியர் என்று அந்த ஆபீசில் சட்டத்துக்குக் கிடைத்த ஒரே ஆள் அவர்தான்.

அடுத்த வருஷம் ஜனவரியில் வழக்கு வந்தது. கல்யாண விருந்துக்காக நோட்டீசை மறைத்து வைத்தார் என்பது குற்றச்சாட்டு. நம்பர் போட்ட பத்திரிகை மேசைமேல் இருந்தது. அவர் பெயர் எழுதிய உறை மேலாகத் தெரிந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வக்கீலைப் பார்த்தார்கள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "நீங்க எதையும் வாங்கலன்னா ஒட்டாமலே தேதி போட்டது வெறும் தப்புன்னு சொல்லித் தப்பிச்சுடலாம், அண்ணே. கடமையில கொஞ்சம் தவறு, லஞ்சம் இல்ல. பென்ஷன்ல பாதியாவது மிஞ்சும். விருந்துக்குப் போனீங்கன்னு அவங்களால நிரூபிக்க முடியாட்டி போதும்" என்றார். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் சின்னையா கோர்ட் படி ஏறினார்.

வராந்தாவில் சீதாலெட்சுமி இருந்தாள். போர்ட் கிள்ளானில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். மெலிந்து போயிருந்தாள். அரசுத் தரப்பில் அவளைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"அன்னைக்கு ஆத்திரத்துல என்னென்னமோ பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்கண்ணே. எனக்காக நீங்க வேலையே போனாலும் போவட்டும்னு உண்மையச் சொன்னீங்க. நான் மறப்பனா? கவலப்படாதீங்க. நான் நல்லவிதமா சொல்லிட்றேன்."

என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்க அவர் வாயெடுத்தார். சாட்சியோடு பேசக்கூடாது என்று போலீஸ்காரர் விலக்கிவிட்டார்.

கூண்டில் ஏறி அவள் நிமிர்ந்து நின்றாள். பத்திரிகையைக் காட்டி, நீ கொடுத்ததா என்று கேட்டார்கள். நான்தான் என்றாள். இந்த ஆள் கல்யாணத்துக்கு வந்தாரா, சாப்பிட்டாரா என்று கேட்டார்கள்.

"வந்தாருங்க! வரேன்னு சொன்ன சொல்லக் காப்பாத்துனாரு. பொஞ்சாதியோட வந்தாரு. மொதப் பந்தியில உக்கார வெச்சோம். நல்லா வயிறாரச் சாப்பிட்டாரு, பாயாசம் ரெண்டாவது தடவ வாங்கிக்கிட்டாரு. எங்க வீட்ல கை நனைச்ச மனுஷன் எனக்குக் கெடுதல் நெனைப்பாரா? நீங்களே சொல்லுங்க, ஐயா."

"அவருக்கு ஏதாவது கொடுத்தீர்களா?" என்று கேட்டார் மொழிபெயர்ப்பாளர்.

சீதாலெட்சுமிக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. "என்னங்க இப்படிக் கேக்குறீங்க? வீட்டுக்கு வந்த மனுஷன வெறுங்கையோடயா அனுப்புவோம்? வேட்டி துண்டு வெச்சுக் குடுத்தோம். வாங்கவே மாட்டேன்னாரு. நான்தான் விடாம கையில திணிச்சேன். நாங்க ஏழைங்கதான், ஆனா மரியாத தெரியாதவங்க இல்ல."

சின்னையாவின் வக்கீல் எதையோ எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் சொன்ன அத்தனையையும் மலாயில் சின்னதாக்கிச் சொன்னார். சாப்பிட்டார். வாங்கிக்கொண்டார். மாஜிஸ்திரேட் எழுதினார்.

கூண்டிலிருந்து இறங்கும்போது சீதாலெட்சுமி சின்னையாவைப் பார்த்தாள். சரியாகச் சொன்னேனா என்று கண்ணாலேயே கேட்டாள். சின்னையா ஆமாம் என்று தலையாட்டினார்.